கங்காணிக்கு வாங்கிய சங்கிலி

எனக்கு நாய் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோர்ட்டிலும் இதைத்தான் முதலில் சொன்னேன். நாய் பிடிக்கும் என்கிறவர்கள் சொல்வதை நம்ப முடியாது. நாய் தங்களைப் பார்த்துச் சிரித்தது என்பார்கள்.

ஆனால் இது நாயைப் பற்றியது இல்லை, சின்னம்மையைப் பற்றியது. குன்னூரில் பெட்போர்டுக்கு மேலே ஏறும் சரிவில் வரிசையாக நாலு தகரக் கூரை வீடுகள். நாலும் ஜெகதீசனுடையவை. மூன்றாவதில் வாசுகி என்கிற நான், ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறவள். நாலாவதில் சின்னம்மை. அவள் வீட்டுச் சுவரை ஒட்டி ஜெகதீசனின் உர ஷெட். கட்டபெட்டுப் பக்கம் இருந்த அவருடைய தேயிலைக்குப் போகும் மூட்டைகள் எல்லாம் அதில்தான் அடுக்கியிருக்கும்.

சின்னம்மை சிலோனில் பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். பாவாடை சட்டை போடுகிற வயதில், இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி, அப்பா அம்மாவோடு கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், பிறகு நேராக இந்த மலை. கொழுந்து பறித்தாள், எல்லப்பனைக் கட்டினாள், பிறகு ஒரு தேயிலை ஃபாக்டரியில் தூளில் குச்சி பொறுக்கும் வேலைக்குப் போனாள். ரயிலை இன்னும் கோச்சி என்பாள். வரிசை வீட்டை லயம் என்பாள். ஜெகதீசனைத் தொரை என்பாள். அவருக்கு அது பிடித்திருந்தது. வேறு யாரும் அவரை அப்படிக் கூப்பிடவில்லை.

தோட்டத்துப் பழக்கம் அவளை விடவே இல்லை. எதற்கும் அனுமதி கேட்பாள். வாசல் நிலையில் ஆணி அடிக்க, கொல்லையில் பீன்ஸ் போட, ஊரிலிருந்து தங்கை வந்து தங்க, எல்லாவற்றுக்கும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜெகதீசன் வீட்டு வாசலில் போய் நிற்பாள். "ஏன்டி, ஆணிக்கெல்லாமா கேப்பாங்க?" என்று நான் திட்டியிருக்கிறேன். "கேட்டுட்டா நல்லதுங்க அக்கா" என்பாள். அவ்வளவுதான் பதில்.

நாய் மட்டும் அவள் கேட்டு வந்ததில்லை. ஜெகதீசன் கேட்டு வந்தது. அவள் குடி வந்த அன்று பால் காய்ச்சினாள். நாங்கள் எல்லாம் டம்ளரோடு நின்றோம். ஜெகதீசன் ஷெட்டுப் பக்கம் கையைக் காட்டி, "ஏனுங்க அம்மிணி, மூட்டையெல்லாம் கெடக்குது. ஒரு நாய் வெச்சுக்கிட்டீங்கன்னா எனக்கும் தைரியமா இருக்குமுங்க" என்றார். சின்னம்மை முகம் ஒரு மாதிரி ஆனது. பால் சூடோ என்னவோ என்று நினைத்தேன். மறு வாரம் கைக்குள் அடங்குகிற குட்டி ஒன்று வந்தது. காலையில் யார் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாலும் வாசலில் நின்று குரைக்கும். அதனால் அதற்கு, தோட்டத்தில் ஆட்களை வேலைக்கு விரட்டுகிறவரைச் சொல்வது போல, கங்காணி என்று பேர் வைத்தாள். ஜுரத்தில் படுத்திருந்த என்னையும் பார்த்து அது குரைத்திருக்கிறது. எனக்கு ஏன் நாய் பிடிக்காது என்று இப்போது தெரிந்திருக்கும்.

பொங்கல் வந்தால் சின்னம்மை இரண்டு மாலை கட்டுவாள். பெரியது தொரைக்கு. தோட்டங்களில் பண்டிகைக்குத் துரைக்கு மாலை போடுவது வழக்கம். அதை இங்கே ஜெகதீசனுக்குப் போட்டாள். சின்னது மறுநாளைக்கு. மாட்டுப் பொங்கலுக்கு மாடு வேண்டாமா? எங்கள் வரிசையில் யாரிடமும் மாடு இல்லை. கங்காணி இருந்தது. அதைக் குளிப்பாட்டி, நெற்றியில் பொட்டு வைத்து உட்கார வைப்பாள். ஜெகதீசன் வந்து மாலையைப் போட்டு, வாழை இலையிலிருந்து சர்க்கரைப் பொங்கலைத் தன் கையால் எடுத்து ஊட்டுவார். பக்திமான். எதைச் செய்தாலும் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். ஒரு வருஷம் அப்படி மூடியிருந்தபோது கங்காணி அவர் விரலையும் சேர்த்துக் கவ்விவிட்டது. அப்போதும் அவர் கையை உதறவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தேயிலை விழுந்தது. ஏல விலை கீழே கீழே போயிற்று. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று ஆட்கள் இலையைச் செடியிலேயே விட்டார்கள். செடிகள் மரமாக வளர ஆரம்பித்தன. சின்னம்மையின் ஃபாக்டரி வாரத்தில் பாதி நாள் புகை விடாமல் நின்றது. வரிசையில் முதல் இரண்டு வீட்டுக்காரர்களும் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போனார்கள். எல்லப்பனும் மகனைக் கூட்டிக்கொண்டு போனான். போனதும் அவன் சொல்லி அனுப்பிய முதல் சேதி, "நாயை எங்கயாச்சும் விட்டுட்டு நீயும் வா" என்பது. இவள் போகவில்லை. ஜெகதீசன் உரம் வாங்குவதை நிறுத்தினார். ஷெட் காலியானது. அந்த வகையில் பார்த்தால், எங்கள் வரிசையில் முழுசாக வேலை போனது கங்காணிக்குத்தான்.

ஜெகதீசன் கெட்ட மனுஷன் இல்லை. பயந்த மனுஷன். இலையில் வராதது டூரிஸ்ட்டில் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். காலியான இரண்டு வீட்டுக்கும் ரோஸ் பெயின்ட் அடித்து, கதவில் காட்டேஜ் என்று எழுதினார். முதலில் வந்தது சென்னையிலிருந்து ஒரு குடும்பம். அவர்கள் காலையில் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார்கள். கங்காணி தன் கடமையைச் செய்தது. அவர்கள் மத்தியானமே ஊட்டிக்குக் கிளம்பிவிட்டார்கள்.

மறுநாள் எங்கள் சுவரில், "இங்கு நாய், பூனை வளர்க்க அனுமதி இல்லை" என்று நீலத்தில் எழுதியிருந்தது. பூனை யாரிடமும் இல்லை. சுவரில் இடம் மிச்சம் இருந்ததால் அதையும் சேர்த்திருக்க வேண்டும். ஜெகதீசன் சின்னம்மை வாசலில் வந்து நின்று தரையைப் பார்த்துப் பேசினார். "அம்மிணி, ரூல் மாத்திப் போட்டேனுங்க. ஒண்ணு நாயை அனுப்போணும், இல்லீன்னா ஊட்டைக் காலி பண்ணோணும். தப்பா நெனைக்காதீங்க."

ஆணிக்கு அனுமதி கேட்கிறவள் என்ன சொல்லுவாள்? சரிங்க தொரை என்பாள் என்றுதான் நான் நினைத்தேன். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"ரூலு மாத்துறப்ப எங்கிட்ட கேக்கலைங்களே தொரை" என்றாள்.

அவர் அதற்குத் தயாராக வரவில்லை. வந்த வழியே போய்விட்டார். சாயங்காலம் குழாயில் தண்ணீர் வரவில்லை. அவளுக்கு மட்டும் என்றால் அவள் பேசாமல் இருந்திருப்பாள். குழாய் இரண்டு வீட்டுக்கும் பொது, எனக்கும் நின்றுவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வக்கீல் பரமசிவனிடம் போனேன். அவருடைய கோட்டு தைத்தது நான். தையல் சரியில்லை என்று அவர் சொல்லாத ஒரே ஆள் நான்தான்.

பரமசிவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வீடு விடறப்ப நாய் வெச்சுக்கலாம்னு அவரே சொல்லியிருக்காரு. அப்ப அதுவும் குடித்தனத்துல ஒரு பேச்சு. பேசினதை நடுவுல ஒருத்தரா மாத்த முடியாதுங்க. சுவத்துல எழுதினா சட்டம் ஆயிடாது. தண்ணியைக் கட் பண்றது அதைவிடத் தப்பு. அதை ஒரு மனுப் போட்டா விட வெச்சிரலாம். காலி பண்ணச் சொல்லோணும்னா அவரு கோர்ட்டுக்கு வரோணும், காரணம் காட்டோணும்."

மனுப் போட்டோம். தண்ணீர் வந்தது. பிறகு, ஜெகதீசன் நிஜமாகவே கோர்ட்டுக்குப் போனார். நாயால் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை, அதனால் குடித்தனக்காரியை வெளியேற்ற வேண்டும் என்று கேஸ். இந்த வீட்டில் நாய் இருந்ததே தனக்குத் தெரியாது என்றும் அதில் எழுதியிருந்தது. சாட்சி யார் என்று பார்த்தால் நான். மிச்சமிருந்த ஒரே அக்கம்பக்கம் நான்தானே. என் நாய் வெறுப்பு ஊர் அறிந்தது, அதை நம்பிவிட்டார்.

கேஸ் முதல் நாள் காலையில் கதவைத் திறந்தால், சின்னம்மை வீட்டு வாசலில் தகரப் பெட்டி, பாத்திர மூட்டை, சிலோனிலிருந்து கூடவே வந்த அம்மிக்கல், சுருட்டிக் கட்டிய பாய். வீடு துடைத்து வைத்தது போலக் காலி.

"என்னடி இது?"

"கோர்ட்டுல பேரு கூப்புடுவாங்கன்னு கடுதாசி வந்துச்சேக்கா."

"அதுக்கு?"

"பேரு கூப்பிட்டா கெளம்பிறணுமில்ல?"

சிலோனில் அப்படித்தானாம். ஆபீசில் பேர் கூப்பிட்டால் சாமானோடு போய் நிற்க வேண்டும்; அங்கிருந்து லொறி, கோச்சி, கப்பல். அவளுக்குத் தெரிந்த ஒரே கோர்ட் அதுதான். இது வேற என்று நான் கத்திக் கத்திச் சொன்னேன். கேட்கவில்லை. ஜீப் பிடித்து எல்லாவற்றையும் ஏற்றினாள். கங்காணியை ஏற்றவில்லை. அது ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடி வந்தது. அது எங்கே போனாலும் அப்படித்தான். கழுத்தில் ஒரு கயிறு கட்டி நான் பார்த்ததே இல்லை.

கோர்ட் வாசலில் ஜெகதீசன் சாமான்களைப் பார்த்தார். காலி செய்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஓடி வந்து தகரப் பெட்டிக்கு ஒரு கை கொடுத்து இறக்கினார். கங்காணி அவரைக் கண்டதும் வேட்டியில் முன்னங்காலை வைத்து எம்பிற்று. "உக்காரு கங்காணி" என்றார், பழக்கத்தில். அது உட்கார்ந்தது. நாய் இருப்பதே தெரியாதவர் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதை இரண்டு பக்க வக்கீல்களும் பார்த்தார்கள். ஒருவர் இருமினார்.

அன்றைக்கு வாய்தா. சாமான் எல்லாம் அதே ஜீப்பில் திரும்பி வந்தது.

அடுத்த முறை என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். ஜெகதீசனின் வக்கீல் மகிழ்ச்சியாகக் கேட்டார்: "உங்களுக்கு நாய் பிடிக்குமா?"

"பிடிக்காதுங்க."

"இந்த நாய் உங்களுக்குத் தொல்லையா?"

"தொல்லைதானுங்க. ஜுரத்துல படுத்திருந்தாக்கூடக் கொரைக்கும்."

அவர் உட்கார்ந்துவிட்டார். பரமசிவன் எழுந்தார். "எந்தக் காலத்துல இருந்து தொல்லைங்க?"

"அவரு வெச்சுக்கச் சொன்ன காலத்துல இருந்துங்க. பால் காய்ச்சின அன்னிக்கு எங்க முன்னாடிதான் சொன்னாரு. வருஷா வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு அவரு கையாலதான் அதுக்கு மாலை போட்டு ஊட்டுவாரு. அதுவும் எனக்குத் தொல்லைதான். அன்னிக்குப் பூராவும் அது தலைகால் புரியாம ஆடும்."

நீதிபதி ஜெகதீசனைப் பார்த்து, இது உண்மையா என்று கேட்டார். அவர் வக்கீல் அவசரமாக என்னவோ சொல்ல வந்தார். ஜெகதீசன் கண்ணை மூடிக்கொண்டார். வீடு, வாடகை, குழாய் எதைப் பற்றிக் கேட்டிருந்தாலும் சமாளித்திருப்பார். சாமி காரியம் ஆயிற்றே. "ஊட்டினது நெசமுங்க" என்றார்.

நீதிபதி நல்ல மாதிரி. கேஸை வளர்ப்பானேன் என்று நினைத்திருக்க வேண்டும். நாயைச் சங்கிலியில் கட்டி வைத்தால் இரண்டு பேருக்கும் தொல்லை இல்லையே, யோசித்துச் சொல்லுங்கள் என்று தேதி கொடுத்தார். ஜெகதீசன் அங்கேயே ஒத்துக்கொண்டார். நேராக மார்க்கெட்டுக்குப் போய் நல்ல கனத்தில் ஒரு சங்கிலி வாங்கி வந்து, சின்னம்மை வீட்டு நிலையில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். அவள் அனுமதி கேட்டு அடித்த ஆணி அது.

சின்னம்மை அந்தச் சங்கிலியைத் தொடவில்லை. கதவைத் திறக்கும்போது அது ஆடிச் சத்தம் போட்டால், நிற்கிற வரைக்கும் உள்ளே போகாமல் வெளியிலேயே நிற்பாள். தேதி நெருங்க நெருங்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் துணி கொடுக்க வந்தவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஜெயிக்கிற கேஸைக் கெடுக்கறயே! கட்டிப் போட்டா ஊடும் உனக்கு, நாயும் உனக்கு. ஊரு உலகத்துல நாயைக் கட்டாமயா இருக்கறாங்க? உனக்கென்ன அவ்வளவு வீம்பு?"

"வீம்பு இல்லைங்க அக்கா" என்றாள். என் மிஷின் சக்கரத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு சொன்னாள்.

"அங்க எங்க லயத்துல மணின்னு ஒண்ணு இருந்துச்சுங்க. லொறி வந்தன்னைக்கு அதுவும் ஏறுது. எறக்கி விட்டா மறுபடி ஏறுது. நாய்க்கெல்லாம் எடமில்லைன்னு லொறிக்காரரு சத்தம் போடுறாரு. யாரு கூப்பிட்டாலும் வராதுங்க, நான் கூப்பிட்டா மட்டும் வரும். அப்பா எங்கிட்ட கயித்தக் குடுத்து, லயத்துத் தூணுல கட்டிட்டு வான்னாரு. நான் கூப்பிட்டேன். வாலாட்டிக்கிட்டே வந்துச்சு. கட்டிட்டேன்."

கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தேன்.

"எங்க வீடுதாங்க கடைசி. மத்தவங்க எல்லாம் முந்தியே போயிட்டாங்க, லயத்துல வேற ஒரு ஆளு இல்லை. லொறி வளைவு திரும்புற வரைக்கும் கத்திக்கிட்டே இருந்துச்சு. அப்ப அவுத்து விடணும்னு எனக்குத் தோணலைங்க. அப்பா சொன்னாரு, செஞ்சேன்."

துணியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு ஒரு தையலும் நேராக விழவில்லை. ஒரு ஜாக்கெட் முழுதையும் பிரித்துத் தைத்தேன். யார் மேல் என்று தெரியாத கோபம். அந்த லொறிக்காரன் மேலா, அவள் அப்பா மேலா, ஆட்களைப் பிரித்து அனுப்பக் கையெழுத்துப் போட்டவர்கள் மேலா, தெரியவில்லை. நாய்க்கு இடமில்லாத லொறியில் அம்மிக்கல்லுக்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது.

தேதி வந்தது. இந்தத் தடவையும் சாமான் கட்டுவாள் என்று விடியும்போதே எழுந்து பார்த்தேன். கட்டவில்லை. வாசலில் கோலம் போட்டிருந்தாள். கோர்ட்டில் நீதிபதி கேட்டதும், "கட்ட மாட்டேங்க" என்றாள். காரணம் கேட்டார். "சின்ன வயசுல ஒருக்கா கட்டிட்டேங்க. இன்னொருக்கா முடியாதுங்க" என்றாள். அவருக்கு அது புரிந்திருக்க நியாயமில்லை. எழுதிக்கொள்ளவும் இல்லை. ஜெகதீசன் மட்டும் திரும்பி அவளைப் பார்த்தார். அவளுடைய அந்தக் குரலை அவர் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

மார்கழிக் கடைசியில் தீர்ப்பு. நாய் ஆரம்பத்திலிருந்தே வீட்டுக்காரரின் சம்மதத்தோடு இருந்திருக்கிறது, இப்போது அவர் தனியாக ஒரு நிபந்தனையைக் கொண்டு வந்து சேர்க்க முடியாது, குரைப்பது மட்டும் காலி செய்யச் சொல்லும் அளவுக்குத் தொல்லை ஆகாது, மனு தள்ளுபடி. பரமசிவன் படித்துக் காட்டினார். சின்னம்மை இரண்டு தடவை கேட்டாள்: "அப்ப அது பாட்டுக்கு இருக்கலாமுங்களா?" இருக்கலாம் என்றார். "கட்டாமயா?" கட்டாமல்தான் என்றார்.

பொங்கலன்று காலையில் அவள் மாலையோடு ஜெகதீசன் வீட்டுக்குப் புறப்பட்டபோது, எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. என்ன நடக்கிறது என்று பார்க்கக் கூடவே போனேன். ஒரு கையில் மாலை, ஒரு கையில் அந்தச் சங்கிலி. ஜெகதீசன் வாசலுக்கு வந்தார். இளைத்திருந்தார். சங்கிலியைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, "ஒங்க சாமானுங்க தொரை" என்றாள். பிறகு மாலையைத் தூக்கினாள்.

"என் மேல கேஸ் நடத்திட்டு மாலை வேறயா அம்மிணி?"

"கேஸு நீங்கதாங்க போட்டீங்க. மாலை நான் போடுறது."

அவர் தலையைக் குனிந்தார். போட்டாள்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். கங்காணியைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து உட்கார வைத்திருந்தாள். சின்ன மாலை தட்டில் இருந்தது. அவர் வர மாட்டார் என்று நான் சொன்னேன். வந்தார். காட்டேஜுக்கு வந்திருந்த புது ஆட்கள் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெகதீசன் மாலையைப் போட்டார், இலையிலிருந்து பொங்கலை எடுத்து ஊட்டினார். இந்த வருஷம் கண்ணை மூடவில்லை. ஊட்டி முடித்ததும், "கட்ட வேண்டாமுங்க அம்மிணி" என்றார், தீர்ப்பே அவர் கொடுத்தது போல. கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு சின்னம்மை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். ஜெயித்ததற்கு அழுகிறாள் என்று நினைத்தேன். கங்காணி அவள் மடியில் தலையை வைத்து, வாயோரம் ஒட்டியிருந்த வெல்லத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தது. அவள் கை அதன் கழுத்தில், மாலைக்கு உள்ளே இருந்தது.

"அக்கா" என்றாள். "அந்தப் பக்கம் யாராச்சும் வந்து அவுத்து விட்டிருப்பாங்க இல்ல?"

கோர்ட்டில் சத்தியம் வாங்கிக்கொண்டு என்னைக் கேட்டார்கள். தெரிந்ததை மட்டும்தான் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"அவுத்து விட்டிருப்பாங்க" என்றேன். "அன்னிக்குச் சாயங்காலமே விட்டிருப்பாங்க."